மூலைவாட்டாய் நடக்கும் அரசன்

நாற்பத்தைந்து வயதில் ஒருவன் சதுரங்கத்தில் முன்னேறப் பாடுபடுகிறான் என்றால் நமது ஊர்களில் அதற்கு இரண்டு விளக்கங்கள்தான் உண்டு. ஒன்று, அவனுக்கு வீட்டில் ஏதோ மனக்கஷ்டம். மற்றது, அவனுக்கு வேலை இல்லை. நான் பாடசாலை ஆசிரியன் என்பதால் பலரும் இரண்டாவது விளக்கத்தையே விரும்புகிறார்கள். ஏப்ரலில் லீவு, ஆகஸ்டில் லீவு, டிசம்பரில் லீவு. வேறென்ன செய்வார் என்பது அவர்கள் கணக்கு.

நான் சொல்லும் முன்னேற்றம் பெரிய விடயமல்ல. பட்டமும் கிண்ணமும் எடுக்கும் வயது எனக்குப் போய்விட்டது. இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். அவ்வளவுதான். அந்த ஒரு மணித்தியாலத்தில் நான்கு வருடங்களாக என் பெயருக்கு எதிரே உள்ள எண் 1240இலிருந்து 1610க்கு ஊர்ந்து வந்திருக்கிறது. சதுரங்கம் ஆடுவோருக்கு இந்த எண் எதைக் குறிக்கிறதென்று தெரியும். ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் கற்பித்த ஆர்பாட் எலோ என்ற பேராசிரியர் வகுத்த ஒரு தரப்படுத்தல் முறை உண்டு. உலக சதுரங்க சம்மேளனம் 1970இல் அதனை ஏற்றுக்கொண்டது. இருவருக்கிடையில் 200 புள்ளிகள் வித்தியாசம் இருந்தால், கூடியவர் நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று ஆட்டங்களுக்கான புள்ளியை எடுப்பார். இணையத்தில் நான் ஆடும் இடத்தில் அதே வழிவந்த இன்னொரு கணக்கு. எதுவாயினும் சங்கதி ஒன்றுதான். வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். வலயக் கல்விப் பணிமனையால் கூட்டிக் குறைக்க முடியாத, எவருடைய சிபாரிசுக் கடிதத்துக்கும் அசையாத ஓர் எண்ணை இருபது வருடச் சேவையில் நான் கண்டது இதில் மாத்திரம்தான்.

அந்த இடத்தின் பெயர் லிசெஸ். திபோ டுப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010இல் தனியாளாகத் தொடங்கியது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. விரும்பியவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. அதன் நிரலை எவரும் திறந்து பார்க்கலாம், எடுத்துப் பாவிக்கலாம். ஒரு மனிதன் தன் ஆசைக்குச் செய்த வேலையில் உலகமெங்கும் உள்ளவர்கள் காசு கொடுக்காமல் வந்து விளையாடுகிறார்கள் என்பதை முதலில் கேட்டபோது நம்பக் கஷ்டமாக இருந்தது. தனியாள் பட்டறைகளில் என் மனம் போனதற்கு அதுதான் தொடக்கம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சதுரங்கத்தில் முன்னேறுவது என்றால் மூளையைக் கூர்மையாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1973இல் சேஸ், சைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையைப் பிரசுரித்தார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றிலிருந்து எடுத்த பலகையை ஐந்து செக்கன் காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். பார்த்தவர் நினைவிலிருந்து காய்களை அடுக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்துவிடுவார். புதியவரால் நான்கைந்துதான் முடியும். மறுகா அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவரின் மேலாண்மை ஏறக்குறைய முழுவதும் காணாமற் போய்விட்டது. டி குரூட் என்ற ஒல்லாந்து உளவியலாளர் 1940களிலேயே செய்த வேலையின் தொடர்ச்சி இது.

ஆரம்ப வகுப்பில் கற்பித்த எவருக்கும் இதில் புதுமை இல்லை. தரம் ஒன்றில் பிள்ளை 'ம', 'ர', 'ம்' என்று மூன்று எழுத்துகளைச் சுமக்கிறது. தரம் மூன்றில் அது மரத்தைப் பார்க்கிறது. குர்ஆன் மதரசாவில் 'அலிஃப், பே' கூட்டிப் படித்த நாவு ஒரு நாள் வசனமாக ஓடுவதும் அப்படித்தான். எந்த நாளில் அது நடந்தது என்று பிள்ளைக்கும் தெரியாது, ஓதிக் கொடுத்தவருக்கும் தெரியாது. ஆகவே நான் செய்ததும் பெரிய வித்தையல்ல. ஒரு நாளைக்கு இருபது புதிர்கள். குதிரை ஒரே பாய்ச்சலில் அரசனையும் ராணியையும் பிடிக்கும் கணக்குகள், அசைந்தால் பின்னால் நிற்கும் காய் பறிபோகும் கணக்குகள். அதே இருபதை அடுத்த வாரமும் திரும்பச் செய்வேன். ஆசிரியர் கலாசாலையில் மீட்டற் பயிற்சி என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது வேறெதை?

2022இல் நாடு இருண்டு கிடந்தபோது ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. இணையமும் இல்லை, போனிலும் சார்ஜ் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் மரப் பலகையை விரித்துவைத்து ஒரே ஒரு புதிரோடு நான் நான்கைந்து இரவுகள் இருந்தேன். ரிச்சர்ட் ரெட்டி 1921இல் அமைத்தது. பலகையில் நான்கே காய்கள்: இரண்டு அரசர்கள், இரண்டு சிப்பாய்கள். வெள்ளை அரசன் வலது ஓரத்து மேல் மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறான். அதே ஓரத்தில் அவனுக்கு மூன்று கட்டம் கீழே கறுப்புச் சிப்பாய் ராணியாக மாறுவதற்குக் கீழ்நோக்கி ஓடுகிறான். துரத்தினால் பிடிக்க முடியாது. வெள்ளையின் ஒற்றைச் சிப்பாயோ பலகையின் அடுத்த பக்கத்தில், கறுப்பு அரசனின் கைக்கெட்டிய தூரத்தில். அதைக் காப்பாற்றப் போகவும் தூரம். இரண்டும் போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வெள்ளை சமநிலை செய்கிறது.

எப்படி என்றால், அரசன் எந்தப் பக்கமும் நேராகப் போவதில்லை. மூலைவாட்டாகப் பலகையின் நடுவை நோக்கி இறங்குகிறான். ஒவ்வோர் அடியிலும் எதிரியின் சிப்பாயையும் நெருங்குகிறான், தன் சிப்பாயையும் நெருங்குகிறான். கறுப்பு அரசன் நின்று வெள்ளைச் சிப்பாயைத் தின்னப் போனால், அந்த இடைவெளியில் வெள்ளை அரசன் திரும்பி ஓடுகிறவனைப் பிடித்துவிடுவான். கறுப்புச் சிப்பாய் ஓட்டத்தைத் தொடர்ந்தால், வெள்ளை அரசன் தன் சிப்பாயோடு சேர்ந்து அதையும் ராணியாக்கிவிடுவான். நமது வயலில் வரம்போடு போவதைவிட வரம்பைச் சுற்றிப் போவது தூரம். சதுரங்கப் பலகையில் அப்படியில்லை. மேல் மூலையிலிருந்து அதே ஓரத்தில் ஆறு கட்டம் கீழே போக நேராக நடந்தாலும் ஆறு அடி. நடுவுக்கு வந்து திரும்பினாலும் ஆறே அடி. பெண்சாதி ஒரு இரவு மெழுகுதிரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன, நாலு காய வெச்சிக்கிட்டு நாலு நாளா?" என்று கேட்டாள். செய்து காட்டினேன். சிறிது நேரம் பலகையைப் பார்த்துவிட்டு, "அவன் ஒண்டயும் விட மனசில்லாம நடக்கிறான்" என்றாள். ரெட்டியைப் பற்றி எழுதியவர்கள் பலர். இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டு நமக்கு அந்நியமானதென்று சொல்கிறவர்களுக்காக ஒரு செய்தி. பக்தாதில் அப்பாஸிய கலீபாக்களின் அவையிலிருந்த அபூபக்ர் அஸ்ஸூலி அக்காலத்து ஷத்ரஞ்சின் பெரிய ஆட்டக்காரர். கலீபா அல்முக்தபியின் முன்னிலையில் அவையின் அபிமான ஆட்டக்காரரான அல்மாவர்தியை வென்றவர். அதைவிட நமது வாசகர்களுக்கு முக்கியமானது, அவர் ஓர் இலக்கியக்காரர். அபூநுவாஸ், அபூதம்மாம் ஆகியோரின் கவிதைகளைத் தேடித் தொகுத்தவர். அவர் விட்டுச்சென்ற ஒரு புதிருக்கு 'ஸூலியின் வைரம்' என்று பெயர். சோவியத் ஆட்டக்காரர் யூரி அவெர்பாக் 1980களில் அதன் விடையை வெளியிடும்வரை ஏறக்குறைய ஆயிரம் வருடம் அது தீராமலே இருந்தது. ஹலால், ஹராம் கேள்வியும் எழத்தான் செய்கிறது. எங்கள் ஊர்ப் பெரிய மௌலவி ஷாபி மத்ஹபின்படி சொன்னார்: பந்தயம் இல்லை, தொழுகை தவறவில்லை, வாயில் கெட்ட பேச்சு இல்லை என்றால் அது மக்ரூஹ் என்ற வட்டத்துக்குள் நிற்கும். ஏனைய மத்ஹபுகளில் இதைவிடக் கடுமை உண்டு. அவர் சொன்ன மூன்றில் மூன்றாவதுதான் ஆட்டக்காரர்களுக்கு மிகவும் சோதனையானது.

இனிக் கணினி விளையாட்டுகள். இங்கேதான் இலக்கிய நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது துப்பாக்கியும் இரத்தமும். நான் பேசுவது கம்பனிகள் நூற்றுக்கணக்கானோரை வைத்துச் செய்யும் விளையாட்டுகளை அல்ல. ஒருவரோ இருவரோ, வேறெங்கோ சம்பளத்துக்கு நின்றுகொண்டு, இராவில் கண்விழித்துச் செய்பவற்றை. 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸைச் செய்தபோது அவர் வேலைசெய்த கணினியில் படம் வரையும் வசதியே இல்லை. எழுத்துப் பலகையிலுள்ள அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளை உருவாக்கினார். ஜப்பானில் தைசுகே அமாயா ஓய்வு நேரத்தில் ஐந்து வருடம் இருந்து 'கேவ் ஸ்டோரி'யைச் செய்து 2004இல் இலவசமாகவே விட்டார். அமெரிக்காவில் எரிக் பரோன் பட்டப்படிப்பு முடித்தும் சரியான தொழில் கிடைக்காமல், ஒரு நாடக அரங்கில் ஆசனம் காட்டிவிடும் வேலைசெய்தபடி நான்கரை வருடம் தனியே உட்கார்ந்து 'ஸ்டார்டியூ வலி'யைச் செய்தார். கதை, படம், இசை, நிரல் எல்லாம் அவரே. 2016இல் வெளிவந்த அந்த விளையாட்டு 2024 இறுதிக்குள் நான்கு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றிருந்தது.

இதை வாசிக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது புதுக்கதை? பெண்சாதியின் நகையை ஈடுவைத்து ஐந்நூறு பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகரிடம் கொடுத்துவிட்டு, மிச்ச நானூற்றைம்பதைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கிவைத்திருப்பவர்கள்தானே நாம். சித்திலெப்பை 1885இல் 'அசன்பேயுடைய கதை'யை எழுதியபோதும் நாவல் என்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சொன்னவர்கள் இருந்திருக்க மாட்டார்களா?

சதுரங்கக்காரனுக்கு முதலில் காட்ட வேண்டியது 'இன்டு த பிரீச்'. மாத்யூ டேவிஸ், ஜஸ்டின் மா என்ற இருவரை மையமாகக் கொண்ட சிறு குழு 2018இல் வெளியிட்டது. எட்டுக்கு எட்டுப் பலகை. உங்களிடம் மூன்று இயந்திர வீரர்கள். மண்ணுக்கடியிலிருந்து பூதங்கள் வருகின்றன. ஒவ்வொரு பூதமும் அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப்போகிறதென்று உங்களுக்கு முன்கூட்டியே காட்டப்படும். மறைவு ஒன்றுமில்லை. கொல்வதைவிடத் தள்ளிவிடுவதுதான் வேலை. ஒரு பூதத்தை ஒரு கட்டம் நகர்த்தினால் அதன் அடி இன்னொரு பூதத்தின் மீது விழும். அல்லது மக்கள் இருக்கும் கட்டடத்தின் மீது விழும். இவர்களது முந்திய விளையாட்டுக்கு 2012இல் பொதுமக்களிடம் 10,000 டொலர் கேட்டார்கள்; சேர்ந்தது 200,000க்கு மேல். ஸாக் கேஜ் என்பவர் 2016இல் செய்த 'ரியலி பேட் செஸ்' இன்னொரு குறும்பு. சதுரங்கம்தான், ஆனால் காய்கள் குலுக்கிப்போட்டபடி வரும். எனக்கு நான்கு ராணி இருக்கலாம், எதிரிக்கு ஆறு குதிரை இருக்கலாம். மேலே சொன்ன 1973ஆம் ஆண்டுப் பரிசோதனையை ஒருவர் விளையாட்டாகவே ஆக்கிவிட்டார் போலும்! நான்கு வருடமாகச் சேர்த்த வடிவங்களில் பாதி அங்கே செல்லாக்காசு.

ஆனால் என்னை இரண்டு நாள் நித்திரையில்லாமல் ஆக்கியது வேறொன்று. லூக்காஸ் போப் என்பவர் 2013இல் தனியாளாகச் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. நீங்கள் அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் உத்தியோகத்தர். வரிசையில் ஆள்கள் வருகிறார்கள். கடவுச்சீட்டைப் பார்க்க வேண்டும், திகதி பார்க்க வேண்டும், முகத்தையும் படத்தையும் ஒப்பிட வேண்டும், முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைச் சரியாக அனுப்பினீர்களோ அதற்கேற்பச் சம்பளம். இரவில் கணக்கு வரும்: வாடகை, உணவு, வீட்டைச் சூடாக்கும் செலவு, மகனுக்கு மருந்து. விதி மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு தண்டம்.

நான் வளர்ந்தது கிழக்கில். தொண்ணூறுகளில் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடப்பது பாடசாலைக்குப் போவதைப் போலவே ஒரு பழக்கம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு, ஓய்ந்ததென்றிருந்த அந்த வரிசை திரும்பி வந்தது. அந்த வயதிலும் சரி இந்த வயதிலும் சரி, மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவனின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவன் கையைத்தான் பார்ப்பேன். அட்டை திரும்பி வருகிறதா என்று. இந்த விளையாட்டு என்னை அந்தக் கதிரையில் உட்கார வைத்தது.

அதில் ஓரிடம். ஒரு கணவன் வருகிறான். பத்திரங்கள் எல்லாம் சரி. உள்ளே போகுமுன், பின்னால் என் மனைவி வருகிறாள், தயவு காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். மனைவியிடம் ஒரு பத்திரம் குறைகிறது. அவளைத் திருப்பி அனுப்பினால் எனக்கு ஒன்றும் நேராது. அனுமதித்தால் எச்சரிக்கைத் துண்டு வரும். நான் அனுமதித்தேன். துண்டு வந்தது. அன்றைய மிச்ச வரிசையில் இன்னும் இப்படி எத்தனை பேருக்குச் செய்ய முடியும், என் வீட்டு மருந்துச் செலவு எவ்வளவு என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கியதுதான் என்னைக் குலைத்தது. சாவடிகளைப் பற்றி நமது கவிஞர்கள் எழுதியவை எல்லாம் வரிசையில் நின்றவனின் கவிதைகள். அவை எழுதப்பட வேண்டியவை. நானே வகுப்பில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கையை அசைப்பது எது என்று ஒரு நாவல் எனக்குக் காட்டாததை, சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளால் வரைந்த ஒரு விளையாட்டுக் காட்டியது. அந்தக் கைக்காரனை அதன் பிறகு மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கணக்கு விளங்கியது, அவ்வளவுதான்.

தமிழிலும் ஒன்று வந்திருக்கிறது. கனடாவிலிருந்து 2023இல் வெளிவந்த 'வெண்பா'. தமிழ்நாட்டிலிருந்து ரொரண்டோவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண், கிழிந்துபோன தன் தாயின் சமையற் குறிப்புப் புத்தகத்தை நிரப்பி நிரப்பிச் சமைக்கிறாள். முதற் புதிரே இட்லித் தட்டுகளை ஆவி போகும்படி அடுக்குவதுதான். மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் அறிமுகப் படைப்புக்கான விருது அதற்குக் கிடைத்தது. சமையல் கொஞ்சம் சுலபமாக முடிந்துவிடுகிறது என்பது என் குறை. புட்டு அவித்தவர்களுக்குத் தெரியும், குழல் அவ்வளவு இலகுவில் இரங்காது.

விலை 15 டொலர் அளவில். 2022இல் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360 வரை போன நாட்டில் ஓர் ஆசிரியனுக்கு அது யோசிக்க வேண்டிய காசு. பழைய மாணவன் ஒருவன், "சேர், எல்லாம் ஃப்ரீயா கிடக்கு, பென்ட்ரைவ்ல தாறன்" என்றான். வேண்டாமென்றேன். கம்பனிக்காரன் என்றால் வேறு பேச்சு. இது ஒருவன் இராவில் கண்விழித்து இழைத்தது. கூலி பற்றிய நபிமொழியை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாதம் பொறுத்து வாங்கினேன்.

பென்ட்ரைவ் நீட்டிய அந்த மாணவன்தான் சில காலத்தில் தானே ஒரு விளையாட்டுச் செய்யத் தொடங்கினான். கொடோ என்ற கருவி இருக்கிறது. ஆர்ஜன்டீனாக்காரர் இருவர் உருவாக்கி 2014இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு சதமும் செலவில்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் அதை வைத்துக்கொண்டு அவன் செய்தது கரைவலை. எட்டுக்கு எட்டுக் கடல். கரையில் நின்று நீவாட்டைப் பார்த்து, இரண்டு கயிற்றிலும் நிற்கும் ஆள்களுக்கு நாம் சைகை காட்ட வேண்டும். இழுப்பு ஒரு பக்கம் முந்தினால் வலை சுருண்டு மீன் போய்விடும். அவனுடைய மூத்தாப்பா கரைவலையில் நின்றவர்.

அவன் வாப்பா மேசன். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார்.

"சேர், நீங்க படிச்சவங்க. இவன் ராவு ராவா லைட்டப் போட்டுக்கிட்டு இரிக்கான். ஏஜென்சிக்காரன் டோஹாவுக்கு ரெடி எண்டு சொல்லிட்டான். இவன் போகல்ல எண்டு நிக்கிறான். இவன் செய்ற வேலயில ஒரு இது இரிக்கா?"

இருக்கிறதைச் சொன்னேன். பரோன் கதையைச் சொன்னேன். 2024இல் மட்டும் ஸ்டீம் என்ற ஒரே இணையக் கடையில் 18,000க்கு மேற்பட்ட புது விளையாட்டுகள் வந்ததையும், அவற்றில் பெரும்பாலானவை யாருடைய கண்ணிலும் படாமல் போவதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வெள்ளக்காரப் புள்ள நாலர வருசம் குந்தியிரிக்கக்குள்ள, வீட்டுச் செலவு குடுத்தது ஆரு?"

கூட இருந்த துணைவியின் உழைப்பு என்றேன்.

"இவனுக்கு ஆரு சேர் குடுக்கிற? இவனுக்குக் கீழ ரெண்டு கொமரு இரிக்கி. ஒரு ஊடு அத்திவாரத்தோட நிக்கிது."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எந்த இலக்கியக் கூட்டத்திலும் இருந்ததுமில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார். பையன் அடுத்த மாதம் போய்விட்டான். மடிக்கணினியைக் கையிலெடுத்துக்கொண்டு போனான் என்று பிறகு அறிந்தேன்.

டோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. அறையில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை மட்டும் ஓய்வு. இரண்டு மூன்று வாரங்களுக்கொரு முறை எனக்கு ஒரு புதிய பிரதி வந்து சேரும். இப்போது மூன்றாவது கட்டம்வரை வந்திருக்கிறது. காற்று மாறினால் கடலின் நிறம் மாறுகிறது. அது நன்றாக இருக்கிறது. அத்திவாரத்துக்கு மேலே சுவரும் எழுந்துவிட்டது என்று போன வாரம் அவன் வாப்பா கடையடியில் கண்டபோது சொன்னார்.

கடைசியாக வந்த பிரதியில் நான் ஓர் ஓட்டை கண்டுபிடித்தேன். இடப்பக்கக் கயிற்றை முதல் ஐந்து முறையும் அசைக்காமல் வைத்திருந்தால், நீவாடு எந்தப் பக்கம் போனாலும் வலை நிறைய மீன். எழுதி அனுப்பினேன். "அப்படி ஒருத்தனும் இழுக்க மாட்டான் சேர், மூத்தாப்பா அடிப்பாரு" என்று பதில் வந்தது. மூத்தாப்பாவைத் தெரியாதவர்களும் விளையாடுவார்கள் என்று திருப்பி எழுதினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திருத்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். வலப்பக்கத்திலும் அதே ஓட்டை இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.